நன்மை வரிசை

கிறிஸ்துவின் திருவுடல் என்றாள் எமரென்சியா. ஆமென் என்று ஒரு கிழவியின் வாய் திறந்தது. வெற்றிலைக் காவி ஏறிய நாக்கின்மேல் வெள்ளை அப்பத்தை வைத்து, விரலில் எச்சில் படாமல் கையை எடுத்த அந்த நொடியில் தற்செயலாக நிமிர்ந்த அவள் கண், வரிசையின் வாலில் மடிப்புக் கலையாத ஒரு வெள்ளைச் சட்டை வந்து ஒட்டிக்கொண்டதைப் பார்த்துவிட்டது. வேட்பாளர். எதற்காக எழுந்தார் இவர். பூசை முடியும்வரை முன்னால் போட்ட நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், முடிந்ததும் பங்குச் சாமியார் லூர்துராஜ் அவரை மைக்கருகே அழைப்பார், கல்லறைத் தோட்டத்துக்குச் சுற்றுச்சுவர் கட்டித் தருவதாக இரண்டு வார்த்தை சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போவார் என்பதுதானே ஏற்பாடு. எல்லாரும் எழுந்தார்கள், அவரும் எழுந்திருக்கிறார். கோயிலில் தீபாராதனைக்கு மணி அடித்தால் உட்கார்ந்திருப்பவன் எவன்? அதிலும் நாற்காலி முன்னால் இருந்தும் முன்னால் நுழையாமல் கடைசி ஆளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டிருக்கிறார்; எளிமை; எளிமை படத்தில் நன்றாக விழும். நடுவரிசை சாமியாருடையது, ஆனால் நடுவில் இருட்டு. அந்தோனியார் சுரூபத்துக்கு மேலேயுள்ள சன்னல் வழியாகக் காலை வெயில் இடப்பக்கத்தில்தான் இறங்குகிறது. போட்டோ எடுக்கிறவன் அவர் முழங்கையைத் தொட்டு இந்தப் பக்கம் திருப்பிவிட்டதை அவள் பார்த்தாள். ஆக, வெளிச்சம் இருக்கிற இடத்தில் நிற்கிற குற்றத்துக்காக அவர் அவளிடம் வருகிறார். கிறிஸ்துவின் திருவுடல். ஆமென். உப்பளத்தில் வெடித்துப்போன இரண்டு உள்ளங்கைகள். கிறிஸ்துவின் திருவுடல்.

வேட்பாளர் தங்கமாரியப்பன் ஞானஸ்நானம் பெற்றவர் அல்லர். அதை மறைத்தவரும் அல்லர். ஊருக்குள் வரும் வழியில் அம்மன் கோயிலில் இறங்கிப் பூசிக்கொண்ட திருநீற்றைக் காரிலேயே துடைத்திருக்கிறார், முடி தொடங்கும் இடத்தில் ஒரு கோடு துடைபடாமல் நிற்கிறது. ஞானஸ்நானம் இல்லாதவருக்கு நன்மை இல்லை, இந்த அப்பம் இல்லை. இது பிரசாதம் அல்ல, வந்தவருக்கெல்லாம் அள்ளிக் கொடுப்பதற்கு. இதைப் புது நன்மைக்கு, முதல்முறை அப்பம் வாங்க, வருகிற பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் அவளே பாடமாகச் சொல்கிறாள். கல்லூரியில் வரலாறு நடத்துகிறவள் ஞாயிறன்று மறைக்கல்வி வகுப்பில் நின்று சொல்கிறாள். ஆயரிடம் அனுமதி வாங்கி அவள் நற்கருணைப் பணியாளராக இந்தப் பாத்திரத்தைக் கையில் ஏந்திய முதல் ஞாயிறு, பொம்பளை கையால் வாங்குவதா என்று பாதிப் பெண்களே நடுவரிசைக்கு ஓடினார்கள். ஆண்கள்கூட அவ்வளவு ஓடவில்லை. அப்போதெல்லாம் அவள் சிரித்துக்கொண்டு நின்றாள். மறுப்பதற்கு அவர்களுக்கு உரிமை இருந்தது, கொடுப்பதற்கு அவளுக்கு உரிமை இருந்தது. மறுக்கிற உரிமையும் கூடவே வந்து சேர்ந்திருக்கிறது என்பது இன்றைக்குத்தான் உறைக்கிறது. சாமியாரைப் பார்த்தாள். லூர்துராஜ் சாமியார் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு தன் கையிலிருந்த பாத்திரத்துக்குள் அப்படியே குனிந்துகொண்டார், ஏதோ அதற்குள் தொலைந்துபோனதுபோல. பிலாத்து கை கழுவத் தண்ணீராவது கேட்டான்.

இந்த ஏற்பாடு பேச்சுக்கு வந்தபோதே பங்குப்பேரவைக் கூட்டத்தில் அவள் சொன்னாள். கோயிலுக்குள் ஓட்டுக் கேட்பது சட்டத்துக்கும் ஆகாது, சர்வேசுரனுக்கும் ஆகாது, அவர் பேசட்டும், தாராளமாகப் பேசட்டும், மைக்கை வாசலுக்கு வெளியே வையுங்கள் என்றாள். சாமியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நாம் எங்கே ஓட்டுக் கேட்கிறோம், வந்த விருந்தாளியை வரவேற்கிறோம், அவ்வளவுதான் என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்திருக்கும், தேர்தல் ஆண்டில் மட்டும் இத்தனை விருந்தாளிகள் எங்கிருந்து முளைக்கிறார்கள் என்று அவள் கேட்டபிறகு சாமியார் முகம் மாறாமலிருந்தால். “டீச்சர், நீங்க சரித்திரம் படிச்சவுக. நாங்க சரித்திரத்துக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்கோம்” என்றார் அவர். அந்த வாக்கியத்தை அவளால் பொய் என்று தள்ளிவிட முடியாது. கிறிஸ்துவின் திருவுடல். ஏனென்றால் போன ஆண்டு சாலை முக்கில் லூர்து மாதா கெபியின், அந்தச் சின்னக் குகைக் கோயிலின், கண்ணாடி உடைந்து கிடந்த காலையில் போலீஸ் வருவதற்கு முன்னால் வந்தவர் இந்த வெள்ளைச் சட்டைக்காரர்தான். படம் எடுக்க ஆள் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணாடிச் சில்லுக்கிடையில் வெறுங்காலோடு நின்று, மாதாவின் விரல் உடைந்ததைப் பார்த்து, “எங்க ஊர்ல இப்படி ஆகக் கூடாதும்மா” என்று, அவளிடம்தான், இதே எமரென்சியாவிடம்தான் சொன்னார். எதிர்த்து நிற்கிறவர்களுடைய ஆட்கள் நேற்றுத் தெருமுனையில் பேசியதையும் அவள் கேட்டாள். ஒலிபெருக்கியில் அப்படிப் பேசுகிறவர்கள் வென்றால் கெபியோடு நிற்காது என்ற பயம் அவளுக்கும் உண்டு, படித்திருக்கிறாள் என்பதற்காகப் பயம் ஒன்றும் மேலான பயமாகிவிடுவதில்லை. ஆகவே நன்றி. ஆகவே ஒரு மாவுத் தகடு. மாவுத் தகடா? நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆமென். ஆமென். அடுத்தவள் கைக்குழந்தையோடு வந்தாள். தாய்க்கு அப்பம், பிள்ளை நெற்றியில் ஒரு சிலுவை.

அப்படிச் செய்யலாம். நன்மை வாங்க வயது வராத பிள்ளைகளுக்குச் செய்வதுபோல நெற்றியில் ஒரு சிலுவை போட்டு அனுப்பிவிடலாம். விதியும் பிழைத்தது, விருந்தாளியும் பிழைத்தார். இல்லை, பிழைக்கமாட்டார். அந்த விரல் அந்தத் திருநீற்றுக் கோட்டின்மேல் சிலுவை இழுக்கிற படம் மதியத்துக்குள் ஒவ்வொரு கைப்பேசியிலும் இருக்கும், வேட்பாளர் மதம் மாறினார் என்று. அவர் தோற்பதற்கு அது போதும். சரி, மறுத்துவிடலாம். பாத்திரத்தை மூடி, மன்னிக்கணும் ஐயா, இது எங்கள் சபையாருக்கு மட்டும் என்று மெல்லச் சொல்லலாம். அந்தப் படமும் மதியத்துக்குள் ஒவ்வொரு கைப்பேசியிலும் இருக்கும். இந்துவுக்குக் கையை விரித்தார்கள் கிறிஸ்தவர்கள். ஓட்டுக் கேட்க மட்டும் வரலாம், தொட்டால் தீட்டு. தெருமுனை ஒலிபெருக்கிக்கு இதைவிட நல்ல தீனி கிடைக்காது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு படம். இயேசுநாதர் செய்த நல்ல காரியங்களில் ஒன்று, படமெடுக்கிற கருவி வருமுன் பிறந்து இறந்தது. இன்று குருத்தோலை ஞாயிறு என்பது வேறு; வரிசையில் நிற்கிற எல்லார் கையிலும் ஓலை, அவர் கையிலும் ஒன்றைத் திணித்திருக்கிறார்கள், கொடி பிடித்துப் பழகிய கை அதைக் கொடியாகவே பிடித்திருக்கிறது. இயேசு பட்ட பாடுகளின் வரலாறு வாசிக்கும்போது கூட்டத்தின் குரலைச் சபைதான் சொல்லவேண்டும், அது இந்த நாளின் வழக்கம். எங்களுக்கு வேண்டியது பரபா என்று எல்லாரும் சொன்னார்கள், நல்ல சத்தமாக. சிலுவையில் அறையும் என்று சொல்லவேண்டிய இடத்தில்தான் பக்கவாசல் வழியாக அவர் நுழைந்தார். கோயில் முழுக்க ஒரே குரலில் சிலுவையில் அறையும் என்று முழங்க, மனிதர் ஒரு கணம் திடுக்கிட்டு, பிறகு பழக்கதோஷத்தில் இரு கையையும் தலைக்குமேல் கூப்பி வணக்கம் வைத்தார். இயேசுவுக்கும் கள்வன் பரபாவுக்கும் நடந்த வாக்கெடுப்பில் பரபா ஜெயித்ததைப் பற்றி எந்தச் சாமியாராவது தேர்தல் ஞாயிறன்று பிரசங்கம் வைக்கமாட்டாரா என்று அவளுக்கு ஆசை. லூர்துராஜ் சாமியார் மனசாட்சிப்படி வாக்களியுங்கள் என்றார். நம்மைக் காப்பவர் யார் என்று உங்கள் மனசாட்சிக்குத் தெரியும் என்றார். சொல்லிவிட்டு நாற்காலியைப் பார்த்தார். மனசாட்சிகள் எல்லாம் திரும்பி நாற்காலியைப் பார்த்தன. கிறிஸ்துவின் திருவுடல்.

அப்போதுதான் அவள் அக்கா தெக்லா எழுந்தாள். கடைசிக்கு முந்திய பெஞ்சில், சுவரோரம், அவளுடைய இடம். அக்கா எழுந்து இந்த நேரத்தில் எமரென்சியா ஒருநாளும் பார்த்ததில்லை. எல்லாரும் நன்மை வாங்கப் புறப்படும்போது தெக்லா செய்வது ஒன்றே ஒன்றுதான், உட்கார்ந்தபடி முழங்காலை ஒரு பக்கமாக ஒதுக்கி மற்றவர்களுக்கு வழிவிடுவது. திரும்பி வரும்போது மறுபடி ஒதுக்குவது. வாலிபத்தில் ஒதுக்கினாள், மூட்டுவலி வந்த பிறகு கையால் தூக்கி ஒதுக்குகிறாள். தபாலாபீஸ் கணபதியை அவள் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அவர் தன் தாய்க்குக் கொடுத்த வாக்கு, வேற்று மதத்துப் பீடத்துக்கு முன்னால் நிற்பதில்லை என்று. நல்ல மனிதர், வாக்கு மாறாதவர், அதுதான் வினையே. பீடத்துக்கு முன்னால் நிற்காத கலியாணம் சபைக்குக் கலியாணம் அல்ல. அதில் இருக்கிறவளுக்கு நன்மை இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் அவளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வெளியே பூவரசு மரத்தடியில் ஸ்கூட்டர்மேல் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பார் அத்தான். ஒன்று அவர் வந்து பீடத்தின் முன் நிற்கவேண்டும், இல்லாவிட்டால் சாகவேண்டும். அதுவரை தெக்லா முழங்காலை ஒதுக்கவேண்டும். இந்தச் சட்டத்தை எழுதிய ஆண்களில் ஒருவனுக்காவது மூட்டுவலி இருந்திருக்காது என்று எமரென்சியா சாமியாரிடமே ஒருமுறை சொன்னாள். தெக்லாதான் வைதாள், ஏன்ளா அவரைப் போட்டுப் படுத்துத, நான் கேட்டேனா என்று. கேட்கமாட்டாள். ஆனால் கன்னியர் மடத்தில் அப்பம் வெட்டியபின் மிஞ்சும் ஓரத் தகடுகளைச் சிறுபிள்ளையில் மடிநிறைய வாங்கிவந்து, சேலைத் துண்டைத் தோளில் போட்டுச் சாமியாராகி, தங்கச்சியை முழங்காலில் நிறுத்தி, நாக்கை நீட்டுளா, கடிக்கக் கூடாது, கடிச்சா ஆண்டவருக்கு வலிக்கும் என்று சொல்லிச்சொல்லி ஊட்டியவள் அவள்தான். இன்று பாத்திரம் தங்கச்சி கையில்.

தெக்லா எழுந்து, பெஞ்சைப் பிடித்து, மூட்டு நேராகும்வரை நின்று, நடந்து வந்து வரிசையின் வாலில் வெள்ளைச் சட்டைக்குப் பின்னால் சேர்ந்துகொண்டாள். பெஞ்சுகளில் ஒரு சலசலப்பு போயிற்று. வேட்பாளருக்காக அல்ல, அவளுக்காக. எமரென்சியா அடுத்த அப்பத்தை எடுத்தாள். புரிந்தது. புரிந்துவிட்டது என்று நினைத்தாள். அவரே வாங்கலாம் என்றால் நானும் வாங்கலாம்தானே. இத்தனை காலம் அடக்கி வைத்திருந்த பசி ஒருவன் வரிசை தப்பி நின்றதைப் பார்த்ததும் எழுந்துவிட்டது. கிறிஸ்துவின் திருவுடல்; ஆமென். அவருக்குக் கொடுத்தால் அக்காவுக்கும் கொடுக்கலாம், ஒரு நாக்கும் அசையாது. அசைந்தால் அவருக்கு மட்டும் எப்படி என்று அவள் திருப்பிக் கேட்பாள், சாமியார் மறுபடி பாத்திரத்துக்குள் குனிந்துகொள்வார். அவருக்கு மறுத்தால், எந்த விதியைச் சொல்லி மறுக்கிறாளோ அதே விதியை அடுத்த மூச்சில் அக்கா முகத்தில் அறையவேண்டும். அல்லது அவருக்கு மறுத்துவிட்டு அக்காவுக்குக் கொடுக்கவேண்டும், வேற்றுமதக்காரனுக்கு இல்லை, கூடப்பிறந்தவளுக்கு உண்டு என்று, சன்னல் வெளிச்சத்தில், படமெடுக்கிறவன் முன்னால். எவ்வளவு காலமாக இந்த விதியை அவள் வெறுத்திருக்கிறாள்; இன்றைக்கு முதல்முறையாக அது கையில் ஒரு நல்ல தடியாகக் கிடைத்தபோது எவ்வளவு ஆசையாகப் பிடித்துக்கொண்டாள். தடியின் மறுமுனை அக்காவின் விலாவில் இருக்கிறது. நான்கு பேர். மூன்று. அக்கா முக்காட்டைச் சரிசெய்வது அவர் தோளுக்குப் பின்னால் தெரிந்தது. அக்காவுக்காகத்தான் கொடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டாள். கெபிக்காக. ஒலிபெருக்கிக்குப் பயந்து. எந்தக் காரணம் முந்தியது என்று கேட்டால் அவளால் சத்தியம் செய்யமுடியாது. யூதாசிடமும் நல்ல காரணங்கள் இருந்திருக்கும். யாரும் உட்கார்ந்து கேட்கவில்லை. இரண்டு பேர். ஒருவர். ஆமென்.

வெள்ளைச் சட்டை வந்து நின்றது. குருத்தோலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இடக்கையின்மேல் வலக்கையை வைத்து, முதுகைச் சற்று வளைத்து, அவர் கை நீட்டினார். அந்தக் கையில் நடிப்பு எதுவும் இல்லாததுதான் அவளைக் கலக்கியது. சாமி கொடுக்கிறதை வாங்கும் கை அது, சின்ன வயதிலிருந்து வாங்கிப் பழகிய கை. கிறிஸ்துவின் திருவுடல் என்றாள். ஆமென் வரவில்லை. அவர் பணிவாகக் காத்திருந்தார். அவளும் காத்திருந்தாள், ஆமென் சொல்லாமல் போய்விட்டால் அதையே சாக்காக வைத்துக்கொள்ளலாம் என்பதுபோல, பக்கத்தில் கருவி கண்சிமிட்டியது, அவள் வைத்துவிட்டாள். அவர் அதை இரு கண்களிலும் ஒற்றிக்கொண்டார். பிறகு விரல் நுனியில் பிடித்து, வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பி, ஒரு கணம் அப்படியே நின்றார். அந்த ஒரு கணம் மட்டும் தேர்தலுக்கு. இங்கேயே வாயில் போட்டுக்கொள்ளுங்கள் என்று அவள் முணுமுணுத்தாள், அப்பம் வெளியே போகாமல் காப்பாற்றுவது ஒன்றுதான் மிச்சமிருந்தது. போட்டுக்கொண்டார், மென்றார், மெல்லுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. போகவில்லை. குனிந்து, தாழ்ந்த குரலில், வெட்கப்பட்டுக்கொண்டு கேட்டார்.

“வீட்டுக்காரிக்கும் ஒண்ணு குடுங்கம்மா. எனக்காக விரதம் இருக்கா.”

“அப்படிக் குடுக்கக் கூடாதுங்க ஐயா,” என்றாள் எமரென்சியா. சொன்னபிறகு, எந்த வாயால் சொல்கிறோம் என்று அந்த வாய்க்கே தெரிந்தது. அவர் தலையை ஆட்டி, மன்னிப்புக் கேட்பதுபோல நெஞ்சில் கைவைத்து, நகர்ந்தார். நல்ல மனிதர். நல்ல மனிதராக இல்லாமலிருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

அடுத்து அக்கா. வரிசையில் வேறு யாரும் இல்லை, சன்னல் வெளிச்சமும் தெக்லாவும் அவளும்தான். பாத்திரத்திலிருந்து ஒன்றை எடுத்தாள். இதற்காகத்தான், இதற்காகவே எல்லாம், இந்த ஒன்றை இந்தக் கையில் வைப்பதற்காக. கிறிஸ்துவின் திருவுடல் என்றாள். தெக்லாவின் கை முந்தானை நுனியைப் பிடித்தபடி இருந்தது. நீளவில்லை.

“கையை நீட்டுக்கா. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக.”

தெக்லா அப்பத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே பேசினாள், கோபமில்லாமல், சந்தையில் வந்து வாங்காமல் திரும்புகிறவள் சொல்வதுபோல.

“நீ அவருக்குக் குடுக்க மாட்டன்னு நெனச்சேன்ளா. ஒத்தையில நிக்கியே, ஏதாவது சொல்லிருவாகளேன்னுதான் பின்னால வந்து நின்னேன்.”

எமரென்சியாவின் கை அந்தரத்தில் நின்றது. வாங்க அல்ல. அக்கா வாங்க எழவில்லை. அந்த மூட்டை நேராக்கிக்கொண்டு, ஊர் முழுக்கத் திரும்பிப் பார்க்க, அவள் துணைக்கு எழுந்து வந்திருக்கிறாள். அக்கா என்றாள், பேரவையில் எல்லார் வாயையும் அடைக்கிறவள்.

“இது இம்புட்டு லேசுன்னா, இத்தன வருசமும் நான் எதுக்குளா உக்காந்துகிட்டே இருந்தேன்?”

கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்கவில்லை. தங்கச்சிக்கு அல்ல, அவள் விரலிடையில் இருந்ததற்கு முன்னால், பாதி மடங்குகிற முழங்காலை அது மடங்குகிறவரை மடக்கி எழுந்து, திரும்பி நடந்தாள். தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். நடுவரிசையிலிருந்து திரும்பி வந்த இருவர் உள்ளே போகவேண்டியிருந்தது. முழங்காலைக் கையால் தூக்கி ஒதுக்கி வழிவிட்டாள்.

எடுத்த அப்பத்தைத் திரும்பப் பாத்திரத்தில் வைக்கலாம், தப்பில்லை, அப்படி எத்தனையோ முறை வைத்திருக்கிறாள். இதை வைக்க முடியவில்லை. சாமியார் தன் பாத்திரத்தை மூடியாயிற்று, மைக்கை ஒருமுறை தட்டிப் பார்த்தாயிற்று. அன்பான இறைமக்களே, இன்று நம்மோடு பந்தியில் அமர்ந்த நம் அன்புக்குரிய சகோதரர் என்று தொடங்கினார். பந்தியில் அமர்ந்த. இவ்வளவு சீக்கிரம் அதற்கு வாக்கியம் கிடைத்துவிட்டது. கைதட்டல் எழுந்து, ஓலைகளின் சரசரப்போடு சேர்ந்து, கூரைவரை போயிற்று, குருத்தோலைகள் ஆடின. எமரென்சியா அந்தோனியார் பக்கம் திரும்பி, அக்கா வாங்காததைத் தன் வாயில் வைத்துக்கொண்டாள். ஆமென் சொல்லவில்லை. அது போய் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நாக்கால் தள்ளிப் பார்த்தாள், வரவில்லை, வாய் உலர்ந்திருந்தது. கடிக்கக் கூடாது, கடித்தால் வலிக்கும். வாயை மூடிக்கொண்டு நின்றாள். கல்லறைத் தோட்டத்துக்குச் சுற்றுச்சுவர் உறுதி என்று மைக் சொல்லிக்கொண்டிருந்தது. வெளியே பூவரசு மரத்தடியில் ஸ்கூட்டர் உதைபடுகிற சத்தம் கேட்டது, பூசை முடியுமுன் ஒருநாளும் கேட்டிராத சத்தம். கடைசிக்கு முந்திய பெஞ்சில் சுவரோரம் காலியாக இருந்தது. அப்பம் இன்னும் கரையவில்லை.